பூத்தையல் மிஷின் சரியாகிவிட்டது, அத்தை

மரியாதைக்குரிய அத்தைக்கு, மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அங்கே நீங்களும் நாத்தனாரும், முக்கியமாகக் கடையிலிருக்கும் பூத்தையல் மிஷினும் நலமா? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

கடைக் கம்ப்யூட்டர் ஏன் உறைந்து நின்றது என்று கண்டுபிடித்துவிட்டேன், அத்தை. கம்ப்யூட்டர் அந்த மிஷினை ஓட்டுவதற்கு நான் எழுதிக்கொடுத்த டிரைவர் என்ற புரோகிராம் இருக்கிறதே, அது வேலையைத் தொடங்கும்போது முதலில் கம்ப்யூட்டரிடம் கொஞ்சம் நினைவிடம் கேட்டு வாங்கும், பிறகு மிஷின் கூப்பிட்டால் காதில் விழ ஒரு தனி வழி வாங்கும், கடைசியில் மோட்டாரைப் பிடிக்கும். வயர் லூசாக இருந்தால் மோட்டார் கிடைக்காது. அப்போது வாங்கிய இரண்டையும், கடைசியில் வாங்கியதை முதலில் என்று, திருப்பிக் கொடுத்துவிட்டு மரியாதையாக விலக வேண்டும். என் டிரைவரோ கைக்கே வராத மோட்டாரையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கப் போனது. இரவல் வாங்காத குடத்தை எதிர்வீட்டில் கொண்டுபோய் நீட்டினால் எப்படி விழிப்பார்களோ அப்படி விழித்து, கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. "மருமக எழுதினதுன்னு நம்பினேன், இனி கம்பெனி ஆளையே கூப்பிட்டுக்கறேன்" என்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இப்போது திருத்திவிட்டேன். அதே மாதிரி மிஷின் ஒன்றை ஆபீசில் கெஞ்சி வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் ஏற்றி, உங்கள் பிள்ளை வயரைப் பிடுங்கப் பிடுங்க நான் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எல்லாம் ஒழுங்காகத் திரும்பியது, கம்ப்யூட்டர் கண்கூடச் சிமிட்டவில்லை. நான் நாற்காலிமேல் ஏறி ஆடினேன், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன விசேஷம் என்று கேட்டார், அவரையும் ஒரு தடவை பிடுங்கச் சொன்னோம். தலைகால் புரியவில்லை, அத்தை. புது டிரைவரை அனுப்பியும் விட்டேன். ஆகவே முதலில் கம்பெனி ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்து, பந்தாட்டக் குழுவின் சட்டை ஆர்டரைத் துணிந்து எடுங்கள். கடைசியாக, அண்ணி கெட்டிக்காரி என்று நாத்தனாரிடம் உங்கள் வாயால் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

உங்கள் முழங்கால் வலி குறையவும், கடையில் ஊசி முறியாமலும் நூல் அறாமலும் இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,
மருமகள்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் பிள்ளை, "வயரை மாட்டினா ஓடுதான்னு பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. மாட்டினோம். மோட்டார் கிடைத்தது. கிடைத்த கையோடு எல்லாவற்றையும் வெகு ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிஷின் நின்றுவிட்டது. எல்லாம் கிடைத்துவிட்டால் எதையும் திருப்பிக் கொடுக்காதே என்று ஒரு வரி எழுத மறந்திருக்கிறேன். உங்கள் சுறுசுறுப்பு எனக்குத் தெரியும், மேலே சொன்னதையெல்லாம் படிக்கப் படிக்கவே செய்து முடித்திருப்பீர்கள். அதனால் கடைசியில் செய்ததை முதலில் திருப்புங்கள்: நாத்தனாரிடம் சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு ஆர்டரை விடுங்கள், பிறகு கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். ஒன்று மட்டும், கெட்டிக்காரி என்று நீங்கள் சொல்லவே இல்லையென்றால், தயவுசெய்து அதைத் திருப்பி வாங்கப் போகாதீர்கள். நான் உறைந்துவிடுவேன்.