திரினிடாட்டிலிருந்து வந்த வெள்ளவத்தைக்காரர்

யுத்த காலத்துக் கொழும்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த யாழ்ப்பாணத்தார் ஒரே ஒருவர்தான். அவர் வெள்ளவத்தையில் எங்கள் லொட்ஜில் இருந்த டூரிஸ்ட் அண்ணை. எந்தச் சோதனைச் சாவடியிலும் ஒருவரும் அவரை மறித்ததில்லை. கொழும்பில் இருந்த எந்த ஏமாற்றுக்காரனும் அவரைச் சும்மா விட்டதும் இல்லை. இரண்டுக்கும் காரணம் அவருடைய தொப்பி.

அகன்ற விளிம்பு வைத்த வைக்கோல் தொப்பி. அதற்குக் கீழே பூப்போட்ட சட்டை, முழங்கால் வரை காற்சட்டை, கழுத்தில் பிலிம் இல்லாத ஒரு கமரா. வெளிநாட்டுக்காரனை ஆமிக்காரன் மறிக்கமாட்டான் என்பது அண்ணையின் கண்டுபிடிப்பு. அவரோ என்னைவிட இரண்டு மடங்கு கறுப்பு.

"அண்ணை, உங்களை ஆர் வெள்ளைக்காரன் எண்டு நம்புவான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெள்ளைக்காரன் மட்டுமே வெளிநாட்டான்? நான் திரினிடாட்."

இதில் அண்ணையின் மூளை வேலை செய்திருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆமிப் பெடியன்களுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். மேற்கிந்தியத் தீவு என்று கேட்டதும் துவக்கைத் தோளில் கொழுவிவிட்டு, கையைச் சுழற்றிப் பந்து வீசிக் காட்டுவார்கள். அண்ணைக்குக் கிரிக்கெட்டில் ஒரு மண்ணும் தெரியாது. கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, பல் முழுவதும் தெரியச் சிரித்தபடி நடந்துவிடுவார்.

லண்டனில் இருந்த தம்பி தன்னைக் கூப்பிடுவான் என்று அவர் பல வருடங்களாகக் காத்திருந்தார். முன்பு ஒருமுறை சுற்றிவளைப்பில் பிடிபட்டு, சில வாரங்கள் உள்ளே இருந்துவிட்டு வந்தவராம். அதற்குப் பிறகுதான் இந்தத் தொப்பி என்று லொட்ஜ் மனேஜர் சொன்னார். அண்ணை அந்தக் கதையைக் கதைக்கமாட்டார். தொப்பியைத் தலையிலிருந்து அவர் கழற்றி நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் தொப்பி, குளித்துவிட்டு வரும்போதும் தொப்பி.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் சொல்லவரும் நாளுக்கு மறுநாள் காலை எனக்குக் கனடாவுக்கு விமானம். வீட்டுக் காணியை ஈடு வைத்து அனுப்பியிருந்தார்கள். லொட்ஜில் மாதக்கணக்கில் இருந்தும் நான் பார்த்த கொழும்பு, காலி வீதியில் எங்கள் வாசலிலிருந்து டெலிபோன் எடுக்கும் கடை வரைக்கும்தான். 'கொழும்பில் என்ன பார்த்தனீ' என்று யாராவது கேட்டால் 'லொட்ஜின் பின்பக்கச் சுவர்' என்றுதான் சொல்லவேண்டி வரும். காலி முகத்திடலில் கடலைப் பார்த்து, ஓர் இறால் வடை சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும் என்று மனம் அரித்தது.

மனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "விசரே உனக்கு? ஒரு இரவு உள்ளுக்கை வைச்சாங்களெண்டா பிளேன் உனக்காகக் காத்துக்கொண்டு நிக்குமே?"

"என்னோடை வந்தால் ஒருத்தனும் மறிக்கமாட்டான்" என்றார் அண்ணை. "வா, முழுக் கொழும்பையும் காட்டிறன்."

போனேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

படி இறங்கும்போதே சட்டங்கள் தொடங்கிவிட்டன. நான் அவருடைய மருமகன். வாயைத் திறக்கக் கூடாது. "உன்ரை இங்கிலிஷ் எங்களைக் காட்டிக் குடுத்திடும்." பாஸ்போட்டையும் டிக்கட்டையும் கொண்டு வரக் கூடாது. "டூரிஸ்ட் ஹோட்டலிலைதான் வைச்சிட்டு வருவான். பிக்பொக்கட் இருக்கு." அவை மனேஜரின் அலுமாரியிலேயே இருந்தன. என் சட்டைப் பையில் யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டை மட்டும் இருந்தது.

காலி முகத்திடலில் இறங்கி நான் கடலை ஒரு பார்வை பார்த்திருப்பேன். வடைக்காரனை நோக்கி ஓர் அடி வைத்திருப்பேன். அதற்குள் ஓர் ஓட்டோ வந்து எங்கள் கால் விரலில் ஏறாத குறையாக நின்றது.

"ஹலோ சார்! விச் கன்ட்ரி?"

"திரினிடாட்" என்றார் அண்ணை.

"ஓ! திரினிடாட்! மை கசின் திரினிடாட்!"

ஓட்டோக்காரனுக்கு முப்பது வயது இருக்கும். பெயர் சுனில் என்றான். இன்றைக்குக் கோவிலில் யானைகளுக்கு விசேஷ பூசை, வருடத்தில் ஒரே ஒரு நாள், நான்கு மணியோடு முடிந்துவிடும், சாருக்கு நல்ல அதிர்ஷ்டம் என்று உடைந்த இங்கிலிஷில் அடுக்கினான். இதே யானைக் கதையில் அண்ணை அந்த வருடத்திலேயே பலமுறை ஏமாந்திருந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பேசாமல் இரு. டூரிஸ்ட் மாட்டனெண்டு சொன்னால் சந்தேகப்படுவான்" என்று காதுக்குள் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சந்தேகம் வரக் கூடாது என்பதற்காகத் தெரிந்துகொண்டே ஏமாறுகிற ஒரு மனிதரோடு என்ன செய்வது? நானும் ஏறினேன். என் இறால் வடை பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

யானைக்கு முன்னால் மாணிக்கக் கடைக்குப் போனோம். "ஜஸ்ட் லுக்கிங், சார்." உள்ளே தேநீர் தந்து, விளக்குக்குக் கீழே ஒரு நீலக் கல்லைப் பிடித்துக் காட்டினார்கள். அண்ணை ஒரு கண்ணை மூடி, கல்லைப் பார்த்து, பெரிய வியாபாரி மாதிரி உதட்டைப் பிதுக்கி, பேரம் பேசி, கடைசியில் அதை வாங்கியே விட்டார். ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு அது. சுனில் வாசலில் நின்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். வெளியே வந்ததும் அண்ணை என் காதில் சொன்னார்: "அவங்களுக்குக் கல்லின்ரை பெறுமதி தெரியேல்லை."

அடுத்த இடத்தில் ஒரு சங்கிலியும், கொஞ்சம் தென்னோலையும், பெரிய சாணிக் குவியலும் இருந்தன. "எலிபன்ட் கோயிங் பாத், சார்" என்றான் சுனில். யானை குளிக்கப் போய்விட்டதாம். அண்ணை கமராவைத் தூக்கிச் சாணியைப் படம் பிடித்தார். பிலிம் இல்லாத கமராவால், கோணம் மாற்றி மாற்றி.

யானையில்லாமல் போனால் தன் மரியாதை என்னாவது என்று சுனிலுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நோ ப்ரொப்ளம், அனதர் எலிபன்ட்" என்று ஓட்டோவைத் திருப்பி, கொட்டாஞ்சேனைப் பக்கம் கொண்டுபோய், ஒரு சின்னக் கோவிலின் முன்னால் நிறுத்தினான்.

பிள்ளையார் கோவில்.

பிறந்ததிலிருந்து பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து வளர்ந்த மனிதரிடம், சுனில் பிள்ளையாரை விளக்கத் தொடங்கினான். இவர் இந்துக் கடவுள். தலை யானை, உடம்பு மனிதன். மிகப் பழமையானவர்.

"ரியலி? எலிபன்ட் ஹெட்?" என்றார் அண்ணை, கண்ணை அகல விரித்து.

அவருடைய கைகள் இரண்டும் தலையில் குட்டிக்கொள்ளத் துடித்ததை நான் பார்த்தேன். கமராவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் உள்ளே மணி அடித்தது. சுனிலின் கை தானாகவே எழும்பி நெற்றிக்குப் போனது. அண்ணையின் கையும் போனது. ஒருவரை ஒருவர் கண்டதும், சுனில் தலைமயிரைக் கோதினான், அண்ணை தொப்பியைச் சரி செய்தார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சுனில் சுனில் இல்லை. அவனும் எங்கள் ஆள்தான். அவனுக்கும் பயம், இவருக்கும் பயம். இரண்டு தமிழர்கள் காலையிலிருந்து ஒருவரை ஒருவர் இங்கிலிஷில் கொன்றுகொண்டிருக்கிறார்கள்.

"அண்ணை…" என்று மெல்லத் தொடங்கினேன்.

"ஷட் அப், மை பாய்!"

சுனில் தொடர்ந்தான். இவருக்கு ஓர் அண்ணன் இருக்கிறார், பெயர் முருகன், மயிலில் போவார்.

அண்ணையின் கழுத்து நரம்பு புடைத்தது. பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. "நோ! நோ! திஸ் இஸ் த எல்டர் பிரதர்!"

"ஹவ் யூ நோ, சார்?"

"ஐ ரெட். இன் திரினிடாட்."

திரும்பி வரும் வழியில், கொம்பனித்தெருவைத் தாண்டியதும், வாகனங்கள் வரிசையாக நின்றன. அன்று பின்னேரம் எங்கேயோ ஏதோ நடந்துவிட்டதாம். போகும்போது இல்லாத சாவடி ஒன்று புதிதாக முளைத்திருந்தது. பந்து வீசிக் காட்டும் பெடியன்கள் அங்கே இல்லை.

"பஹின்ன, பஹின்ன" என்று எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள்.

அண்ணை திரினிடாட் என்றார். ஆமிக்காரன் தொப்பியையும் காற்சட்டையையும் பார்த்துவிட்டு, நீங்கள் போகலாம் சார் என்று கையைக் காட்டினான். அடுத்து சுனிலின் அடையாள அட்டையை வாங்கி உரக்க வாசித்தான்: செல்வரத்தினம். அண்ணையின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. பிறகு என் அட்டை. யாழ்ப்பாணம் என்று கண்டதும் என்னைத் தனியாக ஓரத்தில் நிற்கச் சொன்னான். அங்கே ஏற்கெனவே சிலர் ட்ரக்கில் ஏறக் காத்து நின்றார்கள்.

நாளைக்கு விமானம் என்று சொல்ல எனக்குச் சிங்களம் வரவில்லை. காட்டுவதற்குப் பாஸ்போட்டும் இல்லை. காணி, அம்மாவின் கண்ணீர், எல்லாம் ஓர் இறால் வடையோடு போயிற்று என்று நினைத்தேன். அதுவும் தின்னாத வடை.

அண்ணை அதற்குள் சாவடியைத் தாண்டிவிட்டார். தொப்பி தூரத்தில் போவது தெரிந்தது. போகட்டும், அவராவது தப்பட்டும் என்று நினைக்கும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை. மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்போது தொப்பி நின்றது. திரும்பியது. நேராக என்னிடம் வந்தது.

அண்ணை அதைக் கழற்றிக் கையில் எடுத்தார். முழு மொட்டை. வெயில் படாத அந்த மண்டை மட்டும் முகத்தைவிட வெளிறிப்போய், யாரோ வேறொருவருடையது மாதிரி இருந்தது.

"மாத்தயா, மே மகே மல்லி. ஹெட்ட பிட்டரட்ட யனவா."

இவன் என் தம்பி, நாளைக்கு வெளிநாடு போகிறான். அவர் வாயிலிருந்து சிங்களம் ஆறு மாதிரி வந்தது. இளமையில் ஒரு சிங்கள ஊரில் கிளார்க்காக இருந்தவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. காற்சட்டைப் பையிலிருந்து தன் அட்டையையும் எடுத்து நீட்டினார். அதிலும் யாழ்ப்பாணம்தான்.

சாவடிக்குப் பொறுப்பான ஆமிப் பெரியவர் வந்தார். திரினிடாட்காரனுக்கு யாழ்ப்பாணத்தில் வீடு எப்படி என்று அவர் கேட்டது நியாயம்தான். கமராவை வாங்கித் திறந்தார். உள்ளே நீலக் கல்லும் ஒரு கடதாசிப் பொட்டலமும் இருந்தன. பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளைத் தூள்! சுற்றி நின்றவர்கள் துவக்கைச் சரி செய்தார்கள். அண்ணை பதறாமல் மூன்று விரலால் தொட்டு, மொட்டை நெற்றியில் நீளமாகப் பூசிக் காட்டினார். விபூதி. பூப்போட்ட சட்டையும் அரைக் காற்சட்டையும் விபூதிப் பட்டையுமாக அவர் நின்ற கோலத்தைக் கண்டு பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் சிரிப்பு வேறு, கடமை வேறு. பெடியன் போகட்டும், ஓட்டோவும் போகட்டும், இந்தத் தொப்பிக்கு விளக்கம் தரும்வரை நீ இங்கே இரு என்றார்.

"அண்ணை, நான்…"

"போடா. போய்ப் பெட்டியைக் கட்டு" என்றார். உள்ளே போவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ட்ரக்கில் ஏறினார்.

வழி முழுக்க ஓட்டோக்காரச் செல்வரத்தினம் புலம்பிக்கொண்டு வந்தான். "புள்ளையாரப் பத்தி அவ்வளவு சொன்னேனே தம்பி, தெரியாத மாதிரியே கேட்டுக்கிட்டு இருந்தாரே! ஒரு மனுசன இப்படியா ஏமாத்துறது?"

நாள் முழுக்க எங்களைச் சுரண்டியவன் கேட்ட கேள்வி இது. எனக்கு அவன் கழுத்தைப் பிடித்து நெரிக்கவேண்டும் போல இருந்தது. அந்தக் கல்லாவது உண்மையா என்று கேட்டேன்.

"கண்ணாடி, தம்பி" என்று முன்னால் பார்த்தபடி சொன்னான்.

மறுநாள் விடியற்காலை விமான நிலையத்துக்கு வான் வந்து நின்றது. அண்ணை வரவில்லை. மனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை ஏற்றி, கதவைச் சாத்தும்போது ஓர் ஓட்டோ கத்திக்கொண்டு வந்து குறுக்கே நின்றது. ஓட்டியவன் செல்வரத்தினம். அண்ணையைக் கொண்டுபோய் ஒப்படைத்த பொலிஸ் நிலையத்தைத் தேடிப் பிடித்து, அவன் விடியமுன்னமே அதன் வாசலில் போய்க் காத்துக் கிடந்திருக்கிறான். பின்னால் அண்ணை, மொட்டைத் தலையோடு. விசாரித்து முடித்து அவரை விட்டுவிட்டு, தொப்பியை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டார்களாம்.

"அடிச்சவங்களே அண்ணை?"

"சீச்சீ. தேத்தண்ணி தந்தவங்கள்" என்றார். ஒரு கண் வீங்கியிருந்தது.

கமராவைத் திறந்து, விபூதிக் கடதாசியில் சுற்றிய கல்லை எடுத்து என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மடக்கினார். "போற இடத்திலை கஷ்டமெண்டால் இதை வில். ஒரிஜினல் நீலம். உனக்கெண்டுதான் வாங்கினனான்."

செல்வரத்தினம் அந்தப் பக்கம் திரும்பி, ஓட்டோவின் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான்.

கனடாவில் கஷ்டத்துக்குக் குறைவிருக்கவில்லை. வாடகைக்குக் காசில்லாமல் பனியில் நின்ற நாட்களும் உண்டு. அந்தக் கல் இப்போதும் என் மேசை லாச்சியில், அதே கடதாசியில் இருக்கிறது. பிள்ளைகள் எடுத்துப் பார்த்துவிட்டு "அப்பா, இது கண்ணாடியா?" என்று கேட்பார்கள்.

ஒரிஜினல் நீலம் என்றுதான் சொல்கிறேன்.