கேட்காமலே புரிந்துகொள்கிறவர்

கைபேசிச் செயலிகள் தயாராகும் அலுவலகங்களில் ஓர் இனம் செழித்து வளர்கிறது. அதற்குப் 'பரிவாளர்' என்று நானாகப் பெயர் வைத்திருக்கிறேன். சத்தம் தாங்காதவர்கள், திடீர் மாற்றம் வந்தால் திணறிப் போகிறவர்கள், எழுத்துகள் இடம் மாறித் தெரிகிறவர்கள், ஒன்றில் கவனம் நிற்காதவர்கள் என்று மூளை வேறு தினுசாக வேலை செய்கிற அத்தனை பேருக்காகவும் உருகுவதுதான் இவருடைய உத்தியோகம். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தங்கமான மனுஷன். தொல்லையே அதுதான்.

பரிவாளர் கூட்டம் நடத்தும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். முதலில் விளக்கைக் குறைப்பார். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்வார். அவர்கள் இடத்திலிருந்து யோசியுங்கள் என்று குரலைத் தாழ்த்துவார். கணக்குப் பிரிவுக்காரர் லேசாகக் குறட்டை விடும்வரை அந்த யோசனை நடக்கும். பிறகு விளக்கைப் போட்டு, அவர்களுக்கு இளநீலம் பிடிக்கும், வட்ட எழுத்து பிடிக்கும், பாராட்டு ரொம்பப் பிடிக்கும் என்று பலகையில் எழுதிவிடுவார். அந்த 'அவர்களில்' ஒருவராவது அறையில் உண்டா? எதற்கு? இவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

இத்தனைக்கும் இவருடைய மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, இவர் வீட்டு மாடியிலேயே இருக்கிறாள். மருந்துக் கிடங்கில் வேலை. சத்தமும் திடீர் மாற்றமும் அவளுக்கு ஆகாது என்பதால், கிடங்கு அமைதியாக இருக்கும் காலை ஷிப்டைத்தான் எடுத்துக்கொள்வாள். அதை வாராவாரம் ஒரு செயலியில் குறிக்க வேண்டும். குறிக்கத் தவறினால் சரக்கு இறக்கும் முற்றத்தில் போட்டுவிடுவார்கள். அங்கே நாள் முழுக்க லாரி ஹாரன். செயலியைச் செய்தவர் யார்? சாட்சாத் அத்தானேதான்.

அத்தானுக்குக் கை சும்மா இருக்காது. இன்னும் எளிமையாக்குகிறேன் பேர்வழி என்று அடிக்கடி பட்டனை இடம் மாற்றுவார். எதை அழுத்தினாலும் வண்ணக் காகிதம் பறக்கும், பெருங்கூட்டமே கைதட்டும், 'சபாஷ், சாதித்துவிட்டீர்கள்' என்று ஒரு குரல் கொஞ்சும். முப்பது வயதுப் பெண்ணை! போனை ஊமையாக்கி வைத்தாலும் இந்தச் சத்தம் மட்டும் அடங்காது. ஒரு வாரம் அவள் வழக்கமான இடத்தில் அழுத்த, அங்கே வேறு பட்டன் உட்கார்ந்திருக்க, கைதட்டல் வெடிக்க, போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் அவளுக்கு முற்றத்தில் வேலை விழுந்தது. நிற்க முடியாமல் பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னொரு தரம் இப்படிப் போனால் திரும்பி வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

அன்று அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இறங்கி வந்தாள்.

"அத்தான், கைதட்டுற சத்தத்தை எடுத்துடுங்க. பட்டன் இருந்த இடத்துலயே இருக்கட்டும். வேற ஒண்ணும் வேணாம்."

வேறு யாராவது என்றால் எடுத்துத் தொலைத்திருப்பார்கள். பரிவாளரோ கண் கலங்கிவிட்டார். இது சாப்பாட்டு மேஜையோடு முடிகிற விஷயமில்லை, அலுவலகமே கேட்க வேண்டும் என்றார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் அவளும் போனாள். அதே வார்த்தைகளை அப்படியே சொன்னாள். பரிவாளர் எழுந்து நின்று கைதட்டினார். முதலாளி எழுந்து தட்டினார். கணக்குப் பிரிவுக்காரர் திடுக்கிட்டு விழித்து, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். அவள் காதைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடிவிட்டாள்.

பரிவாளர் பின்னாலேயே ஓடினார். "எல்லாரையும் உலுக்கிட்டேம்மா நீ."

"எடுத்துட்டீங்களா?"

அதற்கென்று தனிக் குழு போட்டிருப்பதாகச் சொன்னார்.

குழு கூடியது, கலைந்தது, புதுச் செயலி வந்தது. கைதட்டல் இப்போது மென்மையான கைதட்டல். முதல் பக்கத்தில் மச்சினியின் படம். கீழே 'எங்கள் கண்களைத் திறந்தவர்' என்று இளநீலத்தில், வட்ட எழுத்தில். அவ்வளவு பெரிய படத்துக்கு இடம் வேண்டாமா? பட்டனை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் அவளுடைய அக்காதான் சத்தம் வெளியே வராதபடி போனைத் துண்டில் சுற்றி, பட்டனைத் தேடிப் பிடித்து அழுத்திக் கொடுக்கிறாள். வேலை தப்பியது. ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தவள், அக்கா எப்போது வருவாள் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அதுதான் ஆறவில்லை. பரிவாளர் இதையும் கூட்டத்தில் சொல்லி உருகுகிறார். குடும்பத்தின் அரவணைப்புக்கு உதாரணமாம்.

உங்களுக்கும் மனசு கேட்கவில்லை, தெரிகிறது. பாவம் அந்தப் பெண், வேறு நல்ல வேலை பார்த்துக் கொடுக்கலாமா, கெட்டிக்கார டாக்டர் ஒருவரைத் தெரியுமே, அத்தானிடம் நாமே பேசிவிட்டால் என்ன என்றெல்லாம் உள்ளே ஓடுகிறது, இல்லையா? நல்ல மனசு உங்களுக்கு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?