வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்காவின் மூத்த மகள் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் அது பொய். நான் நலமாக இல்லை. இதை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடமும் வேண்டாம்; அவரிடம் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்று.

பள்ளிக் கண்காட்சியில், நீங்கள் ஆராய்ச்சி செய்யும் குவாண்டம் பின்னலை விளக்க எங்கள் அறிவியல் சார் ஒரு விளையாட்டு வைத்தார். நான் ஓர் அறையில், தங்கை அடுத்த அறையில். ஆளுக்கொரு அட்டை காட்டுவார்கள், சிவப்போ நீலமோ; நாங்கள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்ல வேண்டும். இருவருக்கும் சிவப்பு வந்தால் மட்டும் பதில்கள் வேறுபட வேண்டும், மற்றபடி ஒன்றாக இருக்க வேண்டும். சார் கரும்பலகையில் ஒரு சதுரமும், அதன் நான்கு மூலைகளையும் தொடும் வட்டமும் வரைந்திருந்தார். ஜெயித்த கணக்கைப் புள்ளியாக வைத்தால், முன்கூட்டிப் பேசிவைத்து ஆடும் மனிதர்களின் புள்ளி சதுரத்துக்குள்தான் விழுமாம், மிஞ்சினால் நூற்றுக்கு எழுபத்தைந்து. தூரத்தில் பிரித்து வைத்தாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பின்னிய துகள்கள் வட்டம் வரை போகுமாம், எண்பத்தைந்து. நூறு தடவை ஆடினோம், எங்களுக்கு நூற்றுக்கு நூறு. எங்கள் புள்ளிக்குப் பலகையில் இடமில்லை, அதன் மரச்சட்டத்தில் வைத்தார்.

“இயற்கையே இந்தக் கோட்டைத் தாண்டினதில்லம்மா,” என்றார். கண் கலங்கியிருந்தது. தலைமையாசிரியை, “பரீட்சையில ஒரு தடவை இப்படித் தாண்டக் கூடாதா?” என்றார்.

சித்தி, அது இயற்கை இல்லை, இருமல். நான் எப்போதும் ‘ஆம்’ என்பேன், சிவப்பு வந்தால் இருமுவேன். இருமல் கேட்டு, அவளுக்கும் சிவப்பு என்றால் அவள் ‘இல்லை’ என்பாள். பரிசுப் பேனாவுக்கு ஆசைப்பட்டுச் செய்தது. சொல்லிவிடலாம் என்று போனால், சார் அதற்குள் உங்கள் பேராசிரியருக்குக் கடிதமே போட்டுவிட்டார், சனிக்கிழமை அவர் நேரில் வருகிறாராம், சார் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். குட்டு உடைந்தால் சாரைப் பார்த்து ஊரே சிரிக்கும். நான் எந்த முகத்தோடு அவர் வகுப்பில் உட்காருவேன்? பேராசிரியரை எப்படியாவது வரவிடாமல் செய்யுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

சித்தப்பாவுக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட உங்கள் மகள்

பி.கு.: தங்கையை எழுப்பி இதைப் படித்துக் காட்டினேன். “நீ எப்பக்கா இருமினே?” என்கிறாள். “காதுவலின்னு அன்னைக்கு ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்சிருந்தேனே. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.” நூறு தடவையுமா என்று கேட்டேன். “ஆமா. தூங்க விடு.” சித்தி, அப்படியானால் அது இருமல் இல்லை. பேராசிரியரை நிறுத்தாதீர்கள், நாளைக்கே வரச் சொல்லுங்கள், இல்லை, முதலில் நீங்கள் வாருங்கள், யாரோ கதவைத் தட்டு—