சட்டை போட்ட நாற்காலி

காலையில் ஜன்னலைப் பார்த்திருந்த நாற்காலி, மாலையில் அவர் வீடு திரும்பியபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியார் தண்டனை கொடுத்து நிறுத்திய பிள்ளை மாதிரி.

"நாற்காலியை யாரு திருப்பினது?"

"நாற்காலிதானே, அதுக்கென்ன இப்ப?" என்றாள் மனைவி, சிரித்த முகமாக. அந்தச் சிரிப்பைக் கெடுத்துக்கொள்ள மனமில்லாமல் அவர் கைகால் கழுவப் போய்விட்டார்.

அவருக்கு ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. பகல் முழுக்க ஊரார் ஏச்சைக் காதில் வாங்கிக்கொண்டு வருகிறவரிடம் ஒரு நாள் போய், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொல்லியிருக்கிறாள். பழக்கதோஷம், "உங்க புகாரைப் பதிவு செஞ்சுட்டோம் மேடம்" என்று சொல்லிவிட்டார். அன்று ஆரம்பித்த சண்டை, பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று அவள் சொல்கிற வரை முற்றியது. அவள் போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லத்தான் தெரியவில்லை.

அதற்காகத்தான் மனோதத்துவப் புத்தகங்கள் வாங்க ஆரம்பித்தார். மனசை அடக்கு என்றது ஒன்று. அடக்கினால் ஆபத்து என்றது அடுத்தது. கண்ணாடி முன் நின்று சிரி என்றதைக் கேட்டு, சவரம் செய்யும்போது தாடையை வெட்டிக்கொண்டார். எல்லாப் புத்தகங்களிலும் முதல் பக்கத்திலேயே யாரோ ஒருவருடைய வாழ்க்கை தலைகீழாக மாறியிருக்கும். அவருக்கு அலமாரி நிறைந்ததுதான் மிச்சம்.

கடைசியாக வாங்கிய புத்தகம் ஒரு காலி நாற்காலியைப் போடச் சொன்னது. யார்மேல் கோபமோ அவர் அதில் இருப்பதாக நினைத்து, மனதில் உள்ளதைக் கொட்டிவிட வேண்டுமாம். மனைவி கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, ஆபீஸ் மேனேஜரை உட்கார வைத்துத் திட்டித் தீர்த்தார். புத்தகத்தைத் தன் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார். ஒரே வாரத்தில் வீட்டில் சண்டை நின்றுவிட்டது. மனைவி பாட்டு முணுமுணுத்தாள். பலித்ததே ஒரு புத்தகம் என்று அவர் பூரித்துக்கொண்டிருந்தபோதுதான் நாற்காலி திரும்பியது.

மறுநாள் அதன்மேல் அவருடைய நீலச் சட்டை இருந்தது. கழுத்து வரை பொத்தான் போட்டு, இரண்டு கைகளும் மடியில் கோத்திருக்க, ஆள் மட்டும் உள்ளே இல்லை.

புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். 'நீங்கள் கொட்டியதெல்லாம் நாற்காலியிலேயே தங்கிவிடும். கவலை வேண்டாம்' என்றிருந்தது. கவலை வேண்டாமாமே என்று பல்லைக் கடித்தார். அப்போதுதான் கவனித்தார். அவர் நான்காம் அத்தியாயத்தில் மடித்து வைத்திருந்தார். இப்போது ஆறாம் அத்தியாயம் மடிந்திருந்தது. அவருக்கு முன்னால் எதுவோ படித்துக்கொண்டே போகிறது.

நாற்காலியைத் தூக்கிப் பின்னறையில் போட்டார். மாலையில் அது கூடத்துக்கே வந்துவிட்டது, இந்தத் தடவை காலடியில் அவருடைய செருப்போடு. புத்தகம் சொன்னபடி அதன் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாள் சட்டைப் பையில் அவருடைய பழைய மூக்குக்கண்ணாடி செருகியிருந்தது. அவர் உட்கார வைத்தது மேனேஜரை. உட்கார்ந்திருப்பதோ அவரேதான். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று வாசலில் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா கேட்டாள். "மதியம் வீட்டுல இருந்தீங்களா தம்பி?"

"ஆபீஸ்லதானே இருந்தேன். ஏங்க்கா?"

"ஜன்னல்ல உங்க நீலச் சட்டை தெரிஞ்சுதே. முதுகைக் காட்டிக்கிட்டு அசையாம உக்காந்திருந்தீங்க. உங்க பேரைச் சொல்லி ஏதோ பேச்சுக் குரலும் கேட்டுச்சு."

மனைவியிடம் சொல்லலாமா? சொன்னால் பயந்துபோய் அன்றைக்கே தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பாடுபட்டுக் கிடைத்த நிம்மதி போய்விடும். இரவெல்லாம் அந்த நாற்காலி இருக்கும் கூடத்துப் பக்கம் போகாமல், தாகத்தைக்கூட அடக்கிக்கொண்டு படுத்திருந்தார்.

மறுநாள் விடுமுறை. மனைவி கடைக்குப் போனதும், தெருவோடு போன பழைய சாமான் வண்டியை நிறுத்தி, சட்டையை உருவிக் கொடியில் போட்டுவிட்டு நாற்காலியை ஏற்றினார். அந்தப் புத்தகத்தையும் மேலே வைத்தார். காசு வேண்டாம், திரும்பி வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். வண்டி கண்ணிலிருந்து மறைந்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது. இனி அவளுக்குத் தெரியாமலே எல்லாம் நல்லபடியாகிவிடும்.

தெருமுனையில் மனைவி பையோடு வந்துகொண்டிருந்தாள். அவர் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எதிர்வீட்டு ஜன்னலில் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"அந்த நாற்காலியையா போட்டீங்க? இப்பதான் கடைக்குப் போன உங்க வீட்டம்மாகிட்ட விசாரிச்சேன்," என்றாள் தையல்கார அக்கா. "உங்க சட்டைக்கு அடியில கிடந்த ஏதோ புத்தகத்தைப் பார்த்து, தினமும் மதியம் உங்களை அதுல உக்கார வெச்சு வாய் வலிக்கிற வரைக்கும் திட்டிடுவாங்களாம், அதான் சாயங்காலம் சண்டையே இல்லையாம். இன்னிக்குத் திட்டு இன்னும் பாக்கி இருக்கு தம்பி, போய் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காருங்க."