வைரஸ் டாக்டரும் கொய்யாப்பழப் பெட்டியும்

1989ஆம் வருஷம் கொடைக்கானலில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அத்தனைக்கும் ஒரே சமயத்தில் சீக்கு வந்தது. சீக்கின் பெயர் வைரஸ். அதைத் தீர்க்க அவதரித்த மகானின் பெயர் மயில்சாமி. பஜாரில் கடை. போர்டில் 'கம்ப்யூட்டர் டாக்டர்'.

வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். மூக்கில் கைக்குட்டை கட்ட வேண்டும். வெள்ளைக் கோட்டு மாட்டிய மயில்சாமி, சிங்கப்பூர் கருவி என்று ஒன்றைக் கம்ப்யூட்டர் பெட்டிமேல் வைப்பார். சிவப்பு விளக்கு எரியும். எரியாமல் போனதாகச் சரித்திரமே கிடையாது.

"உள்ள பூந்திருச்சு. மூடியத் திறந்தா காத்துல பரவிரும். மூணு நாளு இங்கயே கெடக்கட்டும்."

கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் வரிசையில் நின்றார்கள். ஒருவர் கால்குலேட்டர் கொண்டுவந்தார். ஒரு அம்மா, காய்ச்சலில் கிடந்த புருஷனையே கூட்டிவந்தார். அவருக்கும் சிவப்புதான் எரிந்தது.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. வரிசையில் முதல் ஆளே நான்தான்.

என் பெயர் நல்லையா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, இந்த மலையில் குடியேறிய குடும்பங்களின் சங்கத்துக்குச் செயலாளர். ஊரில் எனக்குப் பகுத்தறிவுவாதி என்று பெயர். குறி சொல்கிறவனைக் கேள்வி கேட்டே ஓட்டியிருக்கிறேன். பேயோட்டியின் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சர்பத் குடித்திருக்கிறேன். கையில் வேப்பிலை இருந்தால் மோசக்காரன் என்று உடனே கண்டுபிடித்துவிடுவேன். வெள்ளைக் கோட்டு இருந்தால் கண்டுபிடிக்க மாட்டேன்.

சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் நன்கொடையாக வந்தது. நூற்று நாற்பது குடும்பங்களின் வீட்டுமனை விவரங்களை அதில் ஏற்றினோம். ஏற்றியது சுலைகா, ஜவுளிக்கடை அப்துல் சலாம் பாயின் மகள். மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். அவள் முடித்ததும் நான் ஒரு புரட்சி செய்தேன். கையால் எழுதிய படிவங்களை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டேன். விஞ்ஞான யுகத்தில் காகிதம் எதற்கு?

அதோடு நின்றேனா? கம்ப்யூட்டரை ஜீப்பில் ஏற்றித் தாண்டிக்குடிக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பெருமையடித்தேன். மறுநாள் அது கண்ணைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும். தவறினால் மனை கிடைப்பது அடுத்த வருஷம்தான். அதுவரை எங்கள் ஜனங்களுக்கு ஓடைச் சரிவில் தகரக் கொட்டகை. போன மழையில் அதில் இரண்டு சரிந்து போயிருந்தன.

மயில்சாமியிடம் ஓடினேன். விளக்கு எரிந்தது. மூன்று நாள் வைத்தியம் நடந்தது. கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்.

"லிஸ்ட்டத் தின்னுருச்சு சார். மதர்போர்டே மாத்தணும். தாண்டிக்குடி போனீங்கல்ல? ஏலக்காய்க் காட்டுக் காத்து."

நான் என்ன செய்தேன்? மாணவனைப் போலத் தலையாட்டினேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குத் திரும்பினால், வாசலில் ஞானம்மா அக்கா. சரிந்த கொட்டகையில் ஒன்று அவருடையது.

"தம்பி, எம் பேரும் அதுல இருந்திச்சா?"

"இருந்திச்சு அக்கா."

"இப்ப?"

"வைரஸ் தின்னுருச்சு."

அவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "வைரசுக்கு எம் பேரு எதுக்கு தம்பி?"

நான் பெட்டியை உள்ளே கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். அங்கே இருந்த சுலைகாதான் கேட்டாள்.

"அண்ணே, அவரு மூடியத் திறந்தாரா?"

"திறக்க ஏலாதும்மா. பரவிரும்."

"திறக்காம எது கெட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"கருவி சொல்லுது."

"சோழி சொன்னா மட்டும் சண்டைக்குப் போறீங்க!"

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்க்ரூடிரைவர் எடுத்து மூடியைக் கழற்றினாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றேன். ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். உள்ளே ஒரு சர்க்யூட் அட்டை, அதன் குழியிலிருந்து பாதி எழும்பி நின்றது. ஜீப்பின் குலுக்கல். அதன் ஓரம் ஈரத்தில் கறுத்திருந்தது. பென்சில் ரப்பரால் தேய்த்தாள். அழுத்திப் பொருத்தினாள். சுவிட்சைப் போட்டாள்.

நூற்று நாற்பது குடும்பமும் திரையில் வந்து நின்றது. ஐம்பத்தேழாவது பெயர் ஞானம்மா. தனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும், அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டே நின்றார் அக்கா. நான் திரும்பி மூக்கைச் சிந்தினேன். கைக்குட்டை அப்போதுதான் உருப்படியாக உதவியது.

வெள்ளிக்கிழமை வெள்ளனே பட்டியலைக் கொடுத்துவிட்டோம். பிறகு எனக்குக் கோபம் பொங்கியது. "இப்பவே பஜார்ல நின்னு கத்துறேன்!"

"கத்துனா நம்ப மாட்டாங்கண்ணே. காட்டணும்" என்றாள் சுலைகா.

"காட்டுனா நான் ஏமாந்ததும் தெரிஞ்சிருமே?"

"தெரியட்டுமே. அதுக்குத்தான் காட்டுறது."

சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். எங்கள் பெட்டியை மேஜைமேல் வைத்தோம். மயில்சாமி கருவியை வைத்தார். சிவப்பு.

"நான்தான் சொன்னேனே! மதர்போர்டு வெந்துபோச்சு. ஹார்ட்டிஸ்க்ல குட்டி போட்டிருக்கு."

"உறுதியா டாக்டர்?" என்றாள் சுலைகா.

"இருபது வருஷ அனுபவம்மா."

சுலைகா ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"ஐயோ, திறக்காத! பரவிரும்!"

கூட்டம் வாசலுக்குப் பாய்ந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த நானே இரண்டடி பின்வாங்கினேன். பழக்கதோஷம்.

மூடி கழன்றது. மதர்போர்டு இல்லை. ஹார்ட்டிஸ்க் இல்லை. முதல்நாளே எல்லாவற்றையும் கழற்றி வைத்திருந்தோம். பெட்டி நிறைய ஆயக்குடிக் கொய்யாப்பழம்.

வாசலில் நின்ற கூட்டம் எட்டிப் பார்த்தது. வாசனை மட்டும் பரவியது. லாட்ஜ் கேஷியர் பெரியண்ணன் மெதுவாக வந்து, ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார்.

"டாக்டரு சொன்னது சரிதாங்க. மதர்போர்டு நல்லாவே கனிஞ்சிருக்கு."

சுலைகா கருவியை வாங்கிச் சுவரில் வைத்தாள். கட்டைவிரலுக்குக் கீழே இருந்த பொத்தானை அமுக்கினாள். சுவருக்கு வைரஸ். மயில்சாமியின் வெள்ளைக் கோட்டில் வைத்தாள். டாக்டருக்கும் வைரஸ். வைத்தியத்துக்காகக் கடையில் கிடந்த பெரியண்ணனின் பெட்டியைத் திறந்தாள். மயில்சாமி புதிதாக மாற்றியதாகச் சொன்ன பாகத்தின்மேல் மூன்று வருஷத் தூசி.

மயில்சாமி வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். "நான் டேப்ரிக்கார்டர் ரிப்பேர்க்காரன்தாங்க. முதமுதல்ல டாக்டர்னு கூப்பிட்டதே இவருதான்!"

கை என் பக்கம் நீண்டது. அத்தனை முகமும் திரும்பியது. அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான். "ஆமாங்க, நான்தான் கூப்பிட்டேன்" என்றேன். காது இரண்டும் சுட்டது.

வாங்கிய பணத்தை மயில்சாமி திருப்பிக் கொடுக்கும்வரை பெரியண்ணன் வாசலைவிட்டு நகரவில்லை. போர்டு அன்றைக்கே இறங்கியது.

கூட்டம் அதோடு கலைந்திருந்தால் நல்லது. அடுத்த நிமிஷமே சுலைகாவைச் சூழ்ந்துகொண்டது. எஸ்டேட் ரைட்டர் வீரையா கும்பிட்டார். "பாப்பா, ராசியான கை உங்களுக்கு. எங்க கம்ப்யூட்டரையும் ஒருக்காத் தொட்டுக் குடுங்க."

அவள் ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் திணித்தாள். "பிளக்கப் பிடுங்கிட்டு நீங்களே திறங்க. தெரியலைன்னா கேளுங்க, சொல்றேன்."

வீரையா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்!

அய்யா, அம்மா, கும்பிட்ட கையைக் கொஞ்சம் பிரியுங்கள். ஒரு கையால் மூடியைத் திறக்கலாம். இன்னொரு கையால் அவரவர் தலையைத் தட்டி, உள்ளே ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்கலாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் அது தோன்றியது. நீங்களாவது வெரசாத் தட்டிப் பாருங்கள்.