டேப்பு அளக்காத ஒரே அறை

கடலூரில் மானிட்டர் வாங்க வந்தவனை வாங்கவிடாமல் துரத்துவதற்கென்றே ஒருவன் பிறந்தான் என்றால், அது எங்கள் டேப்புதான். இதில் கொடுமை என்னவென்றால், மானிட்டர் விற்பதற்காக அவனை வேலைக்கு வைத்திருந்தவன் நான்.

மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. டேப்பு அங்கே சேல்ஸ்மேன். அவனுடைய சொந்தப் பெயர் எனக்குச் சம்பள நாளில்தான் ஞாபகம் வரும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் தச்சர் வைத்திருப்பது போன்ற ஒரு இஞ்ச் டேப் வைத்திருப்பான். கேம் ஆட மானிட்டர் வேண்டும் என்று யாராவது உள்ளே வந்தால் போதும். வந்தவன் விலையைக் கேட்பான். இவன் வந்தவனுடைய வீட்டைப் பற்றிக் கேட்பான்.

"எவ்ளோ தூரத்துல உக்காந்து ஆடுவ?"

"தெரியலண்ணா. சேர்ல உக்காந்து ஆடுவேன்."

"சேரு எங்க கெடக்கும்? பின்னால செவுரா, கட்டிலா?"

அளக்காமல் விற்க மாட்டான். பக்கத்து வீடென்றால் நேரே போய் அளப்பான். தூரமென்றால் கடையிலேயே சேரில் உட்காரவைத்துக் கையை நீட்டச் சொல்வான். விரல் நுனி எங்கே முடிகிறதோ அங்கே ஸ்க்ரீன் இருக்க வேண்டும். அந்தத் தூரத்துக்குத் தகுந்த சைஸ், சைஸுக்குத் தகுந்த ரெசல்யூஷன், அதாவது படத்தின் துல்லியம். என் கடையில் எந்த நேரமும் எவனாவது ஒருவன் பதவிப் பிரமாணம் எடுப்பவன் போலக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதிர்க்கடை டீக்காரர் அந்தக் கையில் டீ கிளாஸைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

ஒருநாள் பண்ருட்டியிலிருந்து ஒரு முந்திரி வியாபாரி வந்தார். "பையனுக்கு ஃபோர் கே வேணும். இருக்கறதுலயே பெருசு குடுங்க" என்றார். இப்படிப்பட்ட மகாராஜன் வருஷத்துக்கு ஒருவர்தான் வருவார். நான் பெட்டியை இறக்கியே விட்டேன். டேப்பு குறுக்கே வந்து நின்று, பையனுடைய கம்ப்யூட்டரில் என்ன கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது என்று விசாரித்தான்.

"சார், இந்தக் கார்டுல ஃபோர் கே ஆடுனா மொபெட்ல நெல்லு மூட்டை ஏத்துன மாதிரி முக்கும். படம் விட்டு விட்டு வரும். உங்க பையன் துப்பாக்கிய தூக்கறதுக்குள்ள எதிராளி சுட்டுட்டுப் பூடுவான். அதுக்குக் கம்மியான டென் எய்ட்டி போதும்."

வியாபாரி என்னைப் பார்த்தார். "இவரு உங்க ஆளுதான?"

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்" என்றேன்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு போட்காரர் வீட்டில் அடிதான் விழவில்லை. அந்த வீட்டுப் பையன்கள் தரையில் உட்கார்ந்து ஃபுட்பால் கேம் ஆடுவார்கள். அதற்குப் பெரிய டிவி கேட்டார்கள். டேப்பு போய் அளந்துவிட்டு, டிவி இருக்க வேண்டிய இடத்தில் பீரோ நிற்பதாகச் சொல்லியிருக்கிறான்.

"பீரோவ நகத்துங்கம்மா."

"பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம். ஜோசியரு அத அங்கதான் வெக்கச் சொன்னாரு."

"ஜோசியரு கேம் ஆடுவாராம்மா?"

அந்த அம்மா துடைப்பத்தைத் தேடப் போன நேரத்தில் இவன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அந்த வியாபாரமும் போயிற்று.

சரி, எல்லாம் தெரிந்த மேதையா என்றால் அதுவும் கிடையாது. ஒரு நொடிக்கு நூற்று நாற்பத்து நாலு தடவை படம் மாறுகிற மானிட்டரை வாங்கிப் போகிற பையன்களுக்கு, "செட்டிங்ஸ்ல போயி மாத்தணும்டா, இல்லன்னா அது அறுவதுலயே ஓடும்" என்று காது வலிக்கச் சொல்வான். ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய சொந்த மானிட்டர் வாங்கிய நாளிலிருந்து அறுபதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. "வித்தியாசம் தெரியுதான்னு டெஸ்ட் பண்ணிட்டிருந்தேண்ணா" என்றான். வெட்கம் கெட்டவன்.

இத்தனைக்கும் அவனை ஏன் துரத்தவில்லை என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் காரணம்.

ஞாயிறு சாயங்காலம் தலை போகிற வியாபாரம் இருந்தாலும் கிளம்பிவிடுவான். வீட்டுக்குப் போய், ஹெட்போனை மாட்டி, ஆன்லைனில் மகளோடு கேம் ஆடுவான். மகள் சிதம்பரத்தில், அவள் அம்மாவோடு இருந்தாள். அவன் மனைவி பிரிந்து போனதற்குத் தப்பு முழுக்க இவன் மேல்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது என்று அவள் கூப்பிட்டபோது, "இந்த ஒரு மேட்ச் முடிச்சுட்டு வரேன்" என்று சொன்ன ஜென்மம் இது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்து சிதம்பரம் போய்விட்டாள். இவன் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டாமா? போனான், ஒரே ஒரு தடவை. மனைவியின் அண்ணன் கோபத்தில், "வாசல்ல கால வெக்காத" என்று சொல்லிவிட்டான். கோபத்தில் சொன்ன வார்த்தையைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

மகள் வளர்ந்தபிறகு அவளே இவனைக் கேமில் தேடிப் பிடித்தாள். அதிலிருந்து ஞாயிறு தவறாது. ஆனால் பேச்சைக் கேட்க வேண்டுமே. "பின்னால ஆளு வரான்", "மருந்து இருக்கா, எடுத்துக்க", "நீ மொதல்ல போ, நான் பாத்துக்கறேன்." இவ்வளவுதான். சாப்பிட்டாயா, என்ன படிக்கிறாய் என்று ஒரு வார்த்தை கிடையாது.

அவள் பிளஸ் டூ பாஸ் பண்ணியதும் டேப்புக்கு அவளுக்கு ஒரு மானிட்டர் வாங்கிக் கொடுக்க ஆசை வந்தது. கடையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பார்த்தான். இருபத்து நாலு இஞ்ச் எடுப்பான், வைப்பான். இருபத்தேழு எடுப்பான், வைப்பான்.

"ஏதாவது ஒண்ண எடுத்து அனுப்பித் தொலைடா" என்றேன்.

"ரூமப் பாக்காம எப்டிண்ணா?"

ஊரில் உள்ளவன் வீட்டுப் பீரோவையெல்லாம் நகர்த்தச் சொன்னவனுக்கு மகள் இருக்கும் அறை எப்படி இருக்கும் என்று தெரியாது. என்னைப் போய் அளந்து வரச் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு அப்போதே பஸ் ஏறிவிட்டேன்.

சிதம்பரத்தில் தெற்கு வீதியிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் வீடு. அவன் மனைவிதான் கதவைத் திறந்தார். கடையிலிருந்து வருகிறேன், மானிட்டர் வைக்க இடம் பார்க்க வேண்டும் என்று உளறினேன். அவர் என் கையில் இருந்த டேப்பைப் பார்த்தார்.

"இன்னும் அளந்துகிட்டுதான் இருக்காரா அவரு?"

உள்ளே வரச் சொல்லிவிட்டு அவர் காபி போடப் போனார்.

மகளின் அறை சின்னது. மேஜை மேல் ஒரு கிழட்டு லேப்டாப். ஸ்க்ரீனில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு. கேம் ஓட வேண்டும் என்பதற்காக ரெசல்யூஷனைக் குறைத்துக் குறைத்து, எழுத்தெல்லாம் கொழுக்கட்டை மாதிரி இருந்தது.

"இதுல எப்படிம்மா ஆடுற?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அங்கிள். எனக்கு கேமே புடிக்காது."

"அப்புறம் எதுக்கு?"

கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். "அவரு அங்கதான இருக்காரு."

நான் டேப்பை இழுத்து மேஜையை அளந்தேன். வேறு என்ன செய்வது? கிளம்பும்போது, "அவரையே வந்து அளக்கச் சொல்லுங்க அங்கிள்" என்றாள். சமையலறையிலிருந்து அவள் அம்மா, "வரட்டுமே, யாரு வேணான்னா?" என்றார். வாசலில் கால் வைக்காதே என்ற அந்த மாமனும் எப்போதோ கோபத்தை மறந்துவிட்டானாம்.

கேம் பிடிக்காது என்று அவள் சொன்னதை மட்டும் டேப்பிடம் நான் சொல்லவில்லை. இங்கே எழுதுவதில் ஆபத்து இல்லை. எழுத்து சைஸ் சரியில்லை என்று அவன் எந்தப் பத்திரிகையும் படிப்பதில்லை. மற்றதையெல்லாம் சொன்னேன். மேஜை இவ்வளவு, சேரிலிருந்து சுவர் ஒரு கை தூரம் என்றேன்.

"யாரு கை? உங்க கையா, அவ கையா?"

"அவ கைதான்டா."

"அவ கை எவ்ளோ நீளம்ணா இருக்கும்?"

தன் கையை மடக்கி, முழங்கை வரைக்கும் இன்னொரு கையால் காட்டினான். அவன் கடைசியாகப் பார்த்தபோது அவ்வளவுதான் இருந்திருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கண்ணாடி போட்டிருக்கிறாள் என்றதும் பதறிவிட்டான். "எப்போலேர்ந்து? பவர் எவ்ளோ?" என்று என் சட்டையைப் பிடிக்காத குறை. எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவனே சிதம்பரம் கிளம்பினான். நான் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காரணம் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தான்.

"போனியா?"

"சந்து வரைக்கும் போனேண்ணா."

"அப்புறம்?"

"கதவு தெறந்துதான் இருந்துச்சு."

"அப்புறம் என்னடா?"

"அவ ரூம் ஜன்னலு மேக்கப் பாத்து இருக்குண்ணா. சாயங்கால வெயிலு நேரா ஸ்க்ரீன்ல அடிக்கும். கண்ணாடி போட்ட புள்ளைக்குக் கூசும். பளபளன்னு இல்லாத ஸ்க்ரீனாதான் எடுக்கணும்."

கையில் கிடைத்ததை அவன் மேல் எறிந்தேன். நல்லவேளை, அது வெறும் மவுஸ். திறந்த கதவுக்கு எதிரே நின்று ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் முட்டாள். கடைசியில் வெயில் கூசாத ஒரு இருபத்து நாலு இஞ்ச் ஸ்க்ரீனைப் பொட்டலம் கட்டி ஆள் மூலம் அனுப்பினோம். "நல்லா இருக்கு" என்று அவள் கேமில் டைப் செய்தாள். அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான்.

இப்போது அவள் கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள். அவள் அம்மாவும் வேலையை மாற்றிக்கொண்டு அங்கேயே போய்விட்டார். ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருந்தவர்கள் இன்று ஒரு ராத்திரிப் பயணத்தில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் படிப்பு இருக்கிறது. சில வாரம் வருகிறாள், பல வாரம் வருவதில்லை. டேப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறான்.

"கோயம்புத்தூர் போயி பாத்துட்டு வாயேன்டா" என்று போன வாரம் கத்தினேன்.

டேப்பை இழுத்து இழுத்து விட்டான். பிறகு, "கேம் இல்லாம அவகிட்ட என்ன பேசறதுன்னு தெரிலண்ணா" என்றான்.

என் வாயையே அடைத்துவிட்டான். அது இதுவரை எவனாலும் ஆகாத காரியம்.

வருகிற சனிக்கிழமைக்கு டிக்கெட் இரண்டு எடுத்திருக்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. பேசுவதையெல்லாம் நான் பேசிக்கொள்கிறேன். அந்தத் தடியன் மகளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றால் போதும்.