பொது உறுப்பினருக்குப் புரிந்தது

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணாவுக்கு, தங்கை வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது நலமாக இரு. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து, போனை அண்ணியிடம் கொடுத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒப்புதல் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாயே, அதிலிருந்து என்னை மரியாதையாக வெளியே எடுத்துவிடு.

சேர்த்தபோது நீ என்ன சொன்னாய்? "மனுஷங்களை வச்சுப் பண்ற ஆராய்ச்சி எல்லாம் அந்தக் குழுவைத் தாண்டித்தான் போகணும். டாக்டர், இன்ஜினியர், வக்கீல், விஞ்ஞானின்னு பெரிய ஆளுங்க ஆறு பேர் இருப்பாங்க. ஒண்ணுமே தெரியாத ஆள் ஒருத்தர் கட்டாயம் வேணும்னு விதி. எனக்கு உடனே உன் ஞாபகம் வந்துது." அன்றைக்கே கோபப்பட்டிருக்க வேண்டும், பெருமைப்பட்டுத் தொலைத்தேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரிக்குப் பேராசிரியர்கள் நடுவில் நாற்காலி, எதிரே 'பொது உறுப்பினர்' என்று பலகை, தட்டில் பிஸ்கட். ஆய்வில் பங்கெடுக்கிறவர்களிடம் கையெழுத்து வாங்கும் படிவம் சாதாரண மனிதருக்குப் புரிகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார்.

முதல் கூட்டத்திலேயே எனக்குத் தலை சுற்றிவிட்டது. அறுவை சிகிச்சை செய்கிறவர் பாட்டு முணுமுணுத்தால் தையல் நேராக விழுமா என்று ஓர் ஆய்வு. மருத்துவம் என்று நினைத்தேன், இல்லையாம், ஒலி இயற்பியலாம். பாலத்தில் நடக்கிற கூட்டம் ஏன் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகிறது என்று இன்னொன்று. இது ஏதோ மனசு சம்பந்தப்பட்டது என்று நினைத்தேன், இன்ஜினியரிங். திருடனை நேரில் பார்த்தவருக்குத் திருடனின் முகம் மறந்து சட்டையின் நிறம் மட்டும் ஏன் நினைவிருக்கிறது என்பது மூளையைப் பற்றியது என்று அடித்துச் சொல்லியிருப்பேன், சட்டமாம். சரி, இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு படிவம் முடியும்போதும் தலைவர், அதுதான் உன் பழைய பேராசிரியர், நம் கடை வாடிக்கையாளர், என் பக்கம் திரும்பி, "மேடத்துக்குப் புரிஞ்சுதுங்களா?" என்பார். ஆறு பேரும் என்னையே பார்ப்பார்கள். "புரிஞ்சுது" என்பேன். எனக்குப் புரிந்துவிட்டது என்றதும் பேனாக்கள் மளமளவென்று இறங்கும். இப்படி இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு படிவங்கள்.

இதில் எனக்கே வெட்கமான விஷயம் ஒன்று உண்டு, உன்னிடம் சொல்வதற்கென்ன. கடையில் கண் பரிசோதனைக்கு எழுத்து அட்டை முன்னால் உட்காருகிறவர்கள் செய்வதும் இதேதான். கடைசி வரிசை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வராது. முன்னால் உட்கார்ந்தவர் சொன்னதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டு கடகடவென்று ஒப்பிப்பார்கள். பதினெட்டு வருடமாக அந்தத் திருட்டைக் கண்டுபிடித்துப் பிழைப்பவள் நான். கூட்டத்தில் உட்கார்ந்து அதையே செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

போன மாதம் அப்பா மருத்துவமனையிலிருந்து ஒரு தடித்த உறையோடு வந்தார். வயதானவர்கள் கீழே விழப்போவதை முன்கூட்டியே சொல்லும் செருப்பைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறார்களாம், இவரையும் சேரச் சொல்லியிருக்கிறார்கள். "ஏம்மா, இதைக் கொஞ்சம் படிச்சு, கையெழுத்துப் போடலாமா வேண்டாமான்னு சொல்லு" என்று நீட்டினார். நாற்பது வருடம் நீதிமன்றத்தில் நகல் எழுதியவர் என்னிடம் கேட்கிறாரே என்று வாங்கினேன். பதினெட்டுப் பக்கம். கடைசிப் பக்கத்தில் முத்திரை, அதன் கீழே: 'இப்படிவம் எளிதில் புரிவதாகப் பொது உறுப்பினர் உறுதி செய்துள்ளார்.' அப்பா எட்டிப் பார்க்காமலே, "கடைசியில என்னமோ முத்திரை இருக்காமே, யாரு போட்டது?" என்றார். "யாரோ ஒரு படிச்ச பொம்பளை" என்றேன்.

மூன்று நாள் படித்தேன் அண்ணா. கடையில் வைத்துப் படித்தேன், சமையலறையில் வைத்துப் படித்தேன். முதலில் மருத்துவம், நடுவில் இன்ஜினியரிங், பிறகு ஒரே எண்களாக நாலு பக்கம், கடைசியில் சட்டம். நாலு வீட்டுச் சண்டையை ஒரே நேரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. பதினோராம் பக்கத்தில் ஒரு வரி: 'பங்கேற்பாளரில் சரிபாதியினர் குலுக்கல் முறைத் தெரிவின்படி ஆறு வார காலம் துணைக்கருவி சாரா இயல்நடையை மேற்கொள்வர்.' அதைப் பத்துத் தடவை வாசித்திருப்பேன். அப்போது கூடத்தில் டொக், டொக் என்று சத்தம், அப்பா கைத்தடியை ஊன்றிக் குளியலறைக்குப் போகிறார். சத்தம் காதில் விழுந்ததும் எனக்கு அந்த வரி புரிந்துவிட்டது. துணைக்கருவி என்றால் அந்தத் தடி! குலுக்கலில் பெயர் வந்தால் ஆறு வாரம் தடியில்லாமல் நடக்க வேண்டும். போன வருடம் அந்தக் குளியலறையில் விழுந்துதான் இடுப்பில் கம்பி வைத்தோம். இதற்குத்தான் நான் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே "புரிஞ்சுது" என்றிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, "அந்தச் செருப்புப் படிவம் எனக்குப் புரியலை" என்றேன்.

"எந்தப் பக்கம் மேடம்?" என்றார் தலைவர்.

"எல்லாப் பக்கமும். முக்கியமா பதினொண்ணு. தடியில்லாம நடந்து யாராவது விழுந்தா என்ன பண்றது?"

டாக்டரம்மா இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர், "நான் சரிபார்த்தது செருப்புக்குள்ள இருக்கிற தகட்டை மட்டும்தாங்க. நடக்கிறது மெடிக்கல்" என்றார். "பாதிப்பாதியா பிரிச்சது புள்ளியியல்" என்றார் டாக்டரம்மா. புள்ளியியல்காரர், "நான் ஆளுங்களை எண்ணினேன். தடியை எண்ணச் சொல்லலையே" என்றார். வக்கீல் மட்டும் தெம்பாக, "விழுந்தா யார் பொறுப்புன்னு பதினாலாம் பக்கத்துல தெளிவா எழுதியிருக்கு, நானே சரிபார்த்தேன்" என்றார்.

"யார் பொறுப்பு?"

"யாரும் இல்லை."

பிறகு டாக்டரம்மா தாழ்ந்த குரலில் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "எனக்கு அந்தப் பக்கம் அன்னைக்கே இடிச்சுது. ஆனா உங்களுக்கே புரிஞ்சிடுச்சுன்னீங்க. டாக்டரா இருந்துக்கிட்டு நான் எப்படிங்க புரியலைன்னு சொல்றது?" மற்றவர்களும் குனிந்தபடி தலையாட்டினார்கள். ஏழு பேரும் ஒரே அட்டையை ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒப்பித்திருக்கிறோம்.

படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், தடிகள் தப்பித்தன. ஆனால் மற்ற நாற்பதில் யாருடைய தடி போயிற்றோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவர்களோ நான் தைரியசாலி என்று இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப் பார்க்கிறார்கள். நகல் எழுதியே தலை நரைத்த அப்பாவுக்கே புரியாத படிவம் எனக்கு எப்படிப் புரியும்? உன் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி என் ராஜினாமாவை ஏற்கச் சொல்.

அண்ணிக்கு என் அன்பு. பெரியவள் பரீட்சை நன்றாக எழுதட்டும், சின்னவன் எழுதினால் போதும். உங்கள் எல்லோர் உடம்பும் மனசும் குறைவில்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்றும் தெரியாத ஆள் என்று உன்னால் தேர்ந்தெடுக்கப்பட்ட
உன் தங்கை

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அப்பா உறையின் மேல் இருந்த உன் விலாசத்தை வாசிக்கப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். சந்தேகப்பட்டுக் கடைக்கு இழுத்துப் போனேன். அட்டையில் கடைசி வரிசைவரை பிசகாமல் சொன்னார். அட்டையை மாற்றினேன், முதல் எழுத்தே தடுமாறியது. பதினெட்டு வருடமாக மனப்பாடம்! "பொண்ணு கடையிலயே கண்ணாடி போட்டுக்கிட்டு கண்ணு தெரியலைன்னா உன் கடைக்கு அசிங்கமில்லையா?" என்கிறார். புதுக் கண்ணாடி போட்டதும் அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "தெளிவாத்தானே எழுதியிருக்கு? குலுக்கல்ல பேர் வந்தா தடியைப் பிடுங்கிக்குவாங்க, அவ்வளவுதான். இதைவிடக் கடுமையானதையெல்லாம் நான் நகல் எடுத்திருக்கேன். நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று உறையில் திரும்பப் போட்டுவிட்டார். ஆகவே மேலே அப்பாவுக்கே புரியாத படிவம் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். பேராசிரியருக்கும் நீ எழுத வேண்டாம். இன்று காலை கண் பரிசோதனைக்கு வந்தார். புது அட்டையைப் பார்த்துப் பழைய வரிசையைக் கடகடவென்று ஒப்பித்தார். நீ எழுதினாலும் அவரால் படிக்க முடியாது. முதலில் கண்ணாடி மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். மற்ற நாற்பது படிவங்களையும் அவர் மறுபடி படிக்கும்வரை நான் குழுவிலேயே இருக்கிறேன்.